காப்பிரைட் அக்காவின் மீன் போர்வை

கதவைத் திறந்ததும் பழைய பிஸ்கட் டப்பா ஒன்று நம் மூக்குக்கு நேரே நீள்கிறது. "போனப் போடு. அப்புறம் உள்ள வா." போட்டால்தான் வழி. கொரியர்காரர்கூடத் தப்ப முடியாது. தான் தைக்கிற ஒட்டுத்துணிப் போர்வைகளை யாராவது படம் பிடித்துப்போய், அதைப் பார்த்து இன்னொருத்தி தைத்துவிடுவாளாம். தெருவில் அவருக்குக் காப்பிரைட் அக்கா என்றுதான் பெயர். அது அவருக்கும் தெரியும், உள்ளூரப் பெருமைதான்.

பிழைப்புக்குப் பள்ளிச் சீருடை. மிச்ச நேரமெல்லாம் வெட்டுவதும் ஒட்டுவதும். சாப்பாட்டு மேஜையைத் தையல் மெஷின் பிடித்துக்கொண்டதால் கணவர் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறார், பாவம். அவருடைய சட்டை ஏதாவது காணோமென்றால் போர்வையில் தேட வேண்டும். "கேட்டா குடுப்பாரா? அதான் கேக்கல," என்கிறார் அக்கா, வெட்கமே இல்லாமல்.

ஒவ்வொரு போர்வையிலும் வேண்டுமென்றே ஒரு தப்பு வைப்பார். பறவைகள் என்றால் ஒன்றுக்குக் கால் இருக்காது. மீன்கள் என்றால் ஒன்று மட்டும் மல்லாந்து கிடக்கும். "காப்பியடிக்கிறவ தப்பையும் சேத்துதான் அடிப்பா. கையும் களவுமா மாட்டுவா பாரு!" பூட்டின வீட்டுக்குள் எலிப்பொறியும் வைக்கிற ஆள்.

மாட்டியது யார் என்கிறீர்கள்? மாடியில் குடியிருக்கும் சொந்த ஓர்ப்படி, கொழுந்தனாரின் மனைவி!

கைவேலைக் கண்காட்சிக்கென்று ஒரு வருடமாய்த் தைத்த மீன் போர்வையோடு அக்கா போனார், சுமக்கப் பக்கத்து வீட்டு நான். அங்கே அதே போர்வை ஏற்கெனவே தொங்குகிறது, மல்லாந்த மீன் உட்பட. பக்கத்தில் ஓர்ப்படி. முகத்தில் ஈயாடவில்லை.

"இது முதல்லயே வந்துடுச்சும்மா. உங்களோட காப்பிய மாட்ட முடியாது," என்றார் பொறுப்பாளர் அம்மா.

காப்பியா! அக்காவுக்கு வந்த கோபத்தைப் பார்த்து எனக்கே வியர்த்தது. "ஏண்டி, அந்த மீன் ஏன் மல்லாந்திருக்கு? இவங்களுக்குச் சொல்லு!"

"தெரியலக்கா. நீங்க அப்படி வெச்சிருந்தீங்க, நானும் வெச்சேன்." அழுகை முட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு. "தைக்கும்போதே அப்பப்ப மொட்டமாடிக் கொடியில காயப்போடுவீங்கல்ல? பாக்கப் பாக்க ஆசையா இருந்துச்சு. கேட்டா திட்டுவீங்கன்னுதான் கேக்கல."

ஊரார் போனையெல்லாம் டப்பாவில் வாங்கிப் போட்டவர் கொடியைக் கோட்டைவிட்டிருக்கிறார்! பொறுப்பாளர் அம்மாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. தொங்கியதைக் கழற்றிவிட்டு அக்காவுடையதை மாட்டச் சொன்னார். ஓர்ப்படி தலை நிமிராமல் கழற்றினாள். போர்வை மடங்கிப் பின்பக்கம் தெரிந்தது.

அக்கா சட்டென்று அதைப் பிடுங்கினார். பின்பக்கம் வெறும் வெள்ளைத் துணி. முன்பக்கத்துப் பூத்துணிகளில் கண்ணுக்கே படாத, இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்கிற நீல நூல் ஓட்டுத்தையல் அதில் பளிச்சென்று தெரிந்தது. அக்கா எப்போதும் நேர்கோடாகத்தான் ஓட்டுவார். இங்கே அலை அலையாய்த் தண்ணீர், நடுவில் சுழி, ஓரத்தில் ஒரு நண்டு. நான் 'அடேயப்பா' என்றுவிட்டேன்.

"இத எதப் பாத்துப் போட்ட?"

"எதையும் பாக்கலக்கா. மீனு இருக்கே, தண்ணி வேணாமான்னு... கை போன போக்குல போட்டேன்."

அக்கா நண்டை விரலால் தடவினார். அப்புறம் துணியை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்த் தையலைப் பார்த்தார். பொறாமையாக இருந்தது அவருக்கு. முகத்தில் அப்படியே தெரிந்தது.

"என் மீனத் திருடினது திருட்டுதான். அதுல மாத்தமே இல்ல," என்றார்.

தன் போர்வையை முதலில் மாட்டினார். பிறகு ஸ்டூலைப் பக்கத்துச் சுவருக்கு இழுத்துப் போட்டு ஏறி, ஓர்ப்படியின் போர்வையை மீன்கள் சுவரைப் பார்க்க, தண்ணீர் வெளியே தெரியும்படி திருப்பி மாட்டினார்.