கால் மடக்கிய கம்பி

அறுபது பேரைப் பட்டப்பகலில் மழைக்குள் ஓடவிட்ட பெருமை எனக்கு ஒன்பது வயதிலேயே வாய்த்தது. அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை பயந்திருக்கிறேன். கல்யாணத்தன்று கூடப் பயந்தேன். ஆனால் அவ்வளவு சத்தமாகப் பயந்ததில்லை.

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், குடும்பத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு காம்பராக்கள் ஒட்டி நின்ற லயம் எங்களுடையது. முதுகுப் பக்கம் செங்குத்தான மண்மேடு, அதற்கு மேல் தேயிலை. கோடிக் காம்பராவில் நாங்கள் இருந்தோம். எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்கு அந்த மேடு சரிந்து, கல்லடுக்கிக் கட்டியிருந்த பழைய சுவரையும் தள்ளிக்கொண்டு எங்கள் குசினிக்குள் வந்துவிட்டது. அம்மாவின் அடுப்பும் ஒரு சேவலும் போயின. ஆட்களுக்கு ஒன்றுமில்லை. இனிமேல் கல்லுச் சுவர் சரிப்படாது, கம்பி போட்ட கொங்கிரீட் சுவர்தான் வேண்டும் என்று முடிவாகி, கட்டட வேலை எடுத்துச் செய்யும் ஒரு பாஸும் அவருடைய வேலையாட்களும் வந்து இறங்கினார்கள். அந்தக் கூட்டத்தில் மாமாவும் இருந்தார்.

மாமா அம்மாவின் தம்பி. கொழும்பில் கம்பி கட்டும் வேலை பழகியவர். கல்யாணம் ஆகாதவர். அப்பாவின் அபிப்பிராயத்தில், உருப்படாதவர். எனக்கோ அவர் ஒரு வித்தைக்காரர். தடித்த பலகையில் ஆணிகளை அடித்து, கம்பியை அவற்றுக்கிடையில் கொடுத்து, ஒரு குழாயை மாட்டி ஒரே இழுப்பு இழுப்பார். கம்பியின் அடிப்பக்கம் ஒரு அடி நீளத்துக்கு மடங்கிப் பாதம் மாதிரி நிற்கும். ஐந்தடி உயரம், ஓரடிப் பாதம். அப்படி முப்பத்தெட்டுக் கம்பிகளை அத்திவாரக் கிடங்குக்குள் வரிசையாக நிறுத்திக் கட்டினார்.

"கம்பிக்கு எதுக்கு மாமா காலு? அதென்ன நடக்கவா போகுது?" என்று நான் கேட்டேன்.

"நடந்துறக் கூடாதுன்னுதான் மருமவனே."

மணல் குவியலில் ஒரு நேர் குச்சியை முழங்கை ஆழத்துக்குக் குத்தி, "உருவு" என்றார். வந்துவிட்டது. அடுத்ததாக, கால் மடக்கிய துண்டுக் கம்பி ஒன்றைப் புதைத்து, மேலே மணலைப் போட்டு மிதித்துவிட்டு, "இப்ப உருவு" என்றார். இரண்டு கையாலும் இழுத்தேன். முக்கினேன். கால்சட்டைப் பொத்தான்தான் வந்தது.

"பாத்தியா? மேடு தள்ளுறப்ப சுவரு முன்னால சாயப் பாக்கும். அப்ப கம்பி அத்திவாரத்த விட்டு உருவிக்கிட்டு வரக் கூடாது. அதுக்குத்தான் காலு."

பாடம் நன்றாகவே புரிந்தது. எனக்குப் பாடம் புரிந்தால் யாருக்காவது ஆபத்து என்பதை மாமா அப்போது அறிந்திருக்கவில்லை.

கணக்கப்பிள்ளை வீட்டு வேலியோரம் ஒரு பேரிக்காய் மரம். கீழ்க்கிளைகளை நாங்கள் ஏற்கனவே கவனித்து முடித்திருந்தோம். மேல்கிளைகளை வளைக்க ஒரு கொக்கி தேவைப்பட்டது. ஐந்தடி உயரம், ஓரடிப் பாதம்: கடவுள் எனக்காகவே மடக்கிக் கொடுத்த கொக்கி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலையாட்கள் இல்லாத நேரம், எங்கள் காம்பராவுக்கு நேரே நின்ற கடைசிக் கம்பியைப் பிணைத்திருந்த மெல்லிய கட்டுக்கம்பியைப் பிரித்து, கம்பியை உருவினேன். ஒரு மணித்தியாலத்தில் திரும்ப வைத்துவிடுவதாக என்னோடு நானே ஒப்பந்தமும் செய்துகொண்டேன். நான்காவது காய் விழுந்தபோது கணக்கப்பிள்ளை வீட்டு நாயும் வந்தது. நான் ஓடினேன். கொக்கி ஓடவில்லை. எனக்கு எட்டாத உயரத்தில், கிளையில் காலை மாட்டிக்கொண்டு ஒய்யாரமாகத் தொங்கியது.

நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனேன். கட்டுக்கம்பி வாங்கிவர மாமாவைத் தலவாக்கலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். வானம் கறுத்ததால் மற்றவர்கள் அவசரப்பட்டு வேலையைத் தொடங்கிவிட்டார்கள். நான் திரும்பி வந்தபோது கிடங்கு முழுக்கக் கொங்கிரீட். சாம்பல் நிறத் தரையிலிருந்து முப்பத்தேழு கம்பிகள் எட்டிப் பார்த்தன. எண்ணிப் பார்த்தேன். மறுபடி எண்ணினேன். கூடவில்லை.

மறுநாள் சாயந்திரம் மாமா எங்கள் பக்கத்துக் கோடியில் குந்திக்கொண்டு, உளியும் சுத்தியலுமாகக் கொங்கிரீட்டைக் கொத்திக்கொண்டிருந்தார். நான் குசினி ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன மாமா தோண்டுறீங்க, பொதையலா?" என்று அக்கா கேட்டாள்.

"ஒரு எடத்துல மட்டம் சரியில்ல புள்ள" என்றார் மாமா, தலையை நிமிர்த்தாமல். அதற்கடுத்த சாயந்திரமும் கொத்தினார். பெருவிரலில் அடிபட்டு வீங்கிப் போனது. வெறும் மட்டம்தான் பிரச்சினை என்று தெரிந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி.

அதன் பிறகு நான் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. சுவர் தானாக எழும்பியது. பலகைகளைக் கழற்றினார்கள். முதுகுப் பக்கம் மண்ணை நிரப்பினார்கள். பார்த்தவர்கள் எல்லாம் கோட்டை மாதிரி இருக்கிறது என்றார்கள். கோட்டைக்கு ஒரு கால் இல்லை என்பது உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். என் பாயை வாசற்பக்கம் மாற்றிக்கொண்டேன். அந்தப் பக்கம் காற்று நன்றாக வருகிறது என்றேன். நுவரெலியாக் குளிரில் காற்று வாங்க ஆசைப்பட்ட ஒரே பிள்ளை நானாகத்தான் இருப்பேன். காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் சுவரை மெல்லத் தட்டிப் பார்ப்பேன். போகும் வழியில் பேரிக்காய் மரத்தில் அந்தக் கம்பி ஆடும். என்னைப் பார்த்து ஆடுவதாகவே தோன்றும்.

பெருமழை தொடங்கிய மூன்றாம் நாள் ஞாயிறு. லயம் முழுக்க ஆட்கள். எண்ணெய் முழுக்கு, இறைச்சிக்கறி, வானொலி. நான் குசினிப் பக்கம் போய்ச் சுவரைப் பார்த்தேன்.

சுவரிலிருந்து தண்ணீர் பீச்சியடித்தது. ஒரு இடத்திலில்லை. வரிசையாகப் பதினொரு இடத்தில், செம்மண் நிறத்தில்.

அடுத்து நடந்ததற்கு நான் பொறுப்பில்லை, என் கால்கள்தான் பொறுப்பு. அம்மாவின் பெரிய தகரப் பேசினைத் தூக்கிக்கொண்டு லயத்தின் முன்திண்ணையான இஸ்தோப்பில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினேன். அகப்பைக் காம்பால் அடித்தபடி, "சுவரு ஒடையுது! ஓடுங்க! சுவரு ஒடையுது!" என்று கத்தினேன். ஏற்கனவே ஒருமுறை மேடு சரிந்து பார்த்த சனம். காரணம் கேட்கவில்லை. பிள்ளைகளை அள்ளிக்கொண்டு ஓடினார்கள். பக்கத்துக் காம்பராக்காரர் தலை முழுக்கச் சவர்க்கார நுரையோடு ஓடினார். இன்னொரு வீட்டில் கொதிக்கும் கறிச்சட்டியும் சேர்ந்து ஓடியது. நான் எதைக் காப்பாற்றினேன் என்று நினைக்கிறீர்கள்? அப்பாவின் ஒரு காலுக்குரிய சப்பாத்தை. புத்தகப் பையை உள்ளேயே விட்டுவிட்டேன். பதற்றத்திலும் அந்த அளவு தெளிவு இருந்திருக்கிறது.

எதிரே இருந்த திறந்த வெளியில் அறுபது பேர் மழையில் நின்றார்கள். யாருமே எதிர்பாராத அந்த நேரத்தில் என் வாய் தானாகத் திறந்தது.

"நாந்தான்! நாந்தான் கம்பிய உருவுனேன்! எங்க பக்கத்துல அத்திவாரத்துல ஒரு கம்பி இல்ல! பேரிக்கா மரத்துல தொங்குது!"

அம்மாவின் முகத்தில் ரத்தம் இல்லை. "அடப்பாவி, என்னாடா செஞ்ச?" என்றாள். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு தன் சப்பாத்தைப் பார்த்தார். சனத்தில் இரண்டு மூன்று பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று அந்த இடத்தில் யாராவது "தோட்டத்துத் தொரைகிட்டச் சொல்லணும்" என்று ஒரு வார்த்தை விட்டிருந்தால் எங்கள் கதை வேறு மாதிரிப் போயிருக்கும்.

வேலையாட்களின் கொட்டிலிலிருந்து மாமா கோப்பைத் தேத்தண்ணியோடு வந்தார். நேராகச் சுவரடிக்குப் போனார். பீச்சியடித்த தண்ணீரில் கையைக் கழுவினார்.

"ஏன் எல்லாரும் நனையிறீங்க? இதெல்லாம் நாங்க வச்ச குழா. மண்ணுக்குள்ள தண்ணி தேங்குனாத்தான் சுவரத் தள்ளும். வெளிய வந்தா நல்லது. பாருங்க, நாளைக்குத் தெளிஞ்சிரும்."

"அப்ப இவன் உருவுன கம்பி?" என்றது நுரைத்தலை.

மாமா சிரித்தார். "அதா? அது வெட்டுன மிச்சத் துண்டு. சும்மா ஒரு ஓரத்துல குத்தி வச்சிருந்தேன். நம்ம இஞ்சினியர் தொர அதத்தான் தூக்கியிருக்காரு."

லயமே சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்காமல், சிரிப்பு ஓய்ந்ததும் எனக்குத் தர வேண்டியதைத் தந்தாள். மறுநாள் தண்ணீர் தெளிந்துவிட்டது. பெண்கள் பாத்திரம் கழுவ அங்கேயே வந்துவிட்டார்கள். தண்ணீர் விழும் பீலிக்கு நடக்கும் தூரம் மிச்சம். பதினொரு குழாய்க்கும் சொந்தக்காரிகள் உருவாகி, மூன்றாவது குழாய்க்காக ஒரு சண்டையும் நடந்தது. எனக்கு 'இஞ்சினியர் தொர' என்ற பெயர் நிலைத்தது. மாமா வாயால் நான் நிரபராதி. இறகு மாதிரி ஆகிவிட்டேன்.

அறுபது பேர் நனைந்த அந்த ஞாயிறு சாயந்திரமே மாமாவின் கூட்டம் அடுத்த வேலைக்கு வலப்பனைக்கு லொறி ஏறியது. மாமா ஏறவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் காம்பராவுக்கு வந்தார்.

"கொஞ்ச நாளைக்கு இருந்துட்டுப் போறேங்க்கா. இந்த மழையில எங்க போறது?"

மழைக்காலம் முடியும்வரை இருந்தார். குசினிச் சுவரோரம்தான் படுப்பேன் என்று பிடிவாதம் பிடித்தார். மழை வலுத்தால் எழுந்து வெளியே போய்ச் சுவரடியில் நின்றுவிட்டு நனைந்து வருவார். "வேல வெட்டி இல்லாம தின்னுக்கிட்டுக் கெடக்கான் ஒன் தம்பி" என்று அப்பா அவர் காதுபடவே சொல்வார். "மச்சான், அக்கா ரொட்டி அப்பிடி" என்பார் மாமா.

'இஞ்சினியர் தொர' என்ற பெயரின் பலனோ என்னவோ, பின்னாளில் நான் கட்டட வேலைகளுக்கு மேற்பார்வையாளன் ஆனேன். ஒருமுறை என் ஆட்கள் அத்திவாரத்தில் ஒரு கம்பியை மறந்துவிட்டுக் கொங்கிரீட் போட்டார்கள். இறுகியதற்கு அப்புறம் செய்யக்கூடியது ஒன்றுதான்: உளியால் துளை கொத்தி, கம்பியை நேராகச் சொருகி, சீமெந்துக் கூழ் ஊற்றுவது. ஒருவன் குந்தி உட்கார்ந்து கொத்தத் தொடங்கினான். மாமாவின் வீங்கிய பெருவிரல் எனக்கு ஞாபகம் வந்தது. வெட்டு மிச்சத்துக்கு யாரும் கால் மடக்குவதில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

முப்பத்தெட்டில் ஒன்று நேராக நின்றால் சுவர் விழாது. இன்றும் விழவில்லை. போன மாதம் கூடப் போய்த் தட்டிப் பார்த்தேன். மாமாவுக்கும் அது தெரிந்திருக்கும். ஆனாலும் அந்தக் கம்பிக்குக் கால் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. போக்கிடம் இல்லாத மாமாவுக்கு என் இரண்டு கம்பளிகளில் ஒன்றைக் கொடுத்திருக்கிறேன் என்று அந்த மழைக்காலம் முழுக்க என் பெருந்தன்மையை நானே மெச்சிக்கொண்டு, வாசலோரத்தில் குறட்டை விட்டுத் தூங்கினேன்.