சீரோடு போன கப்பல் மிளகு

நான் மூன்றாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் சிம்மக்கல்லில் மிளகு மொத்த வியாபாரம் என்றால் என்னைக் கேட்காமல் யாரும் விலை வைப்பதில்லை. இதை நானே சொல்லக் கூடாதுதான். வேறு யாரும் சொல்லாததால் சொல்கிறேன்.

பல நாடுகள் கூடித் தங்களுக்குள் வரியைக் குறைத்து ஒப்பந்தம் போட்டுக்கொண்டதும், கப்பலில் வந்த மிளகு நம் மலை மிளகைவிட மலிவாகக் கிடைத்தது. பிரியாணிக் கடைக்காரர்களுக்குச் சந்தோஷம். மூட்டை தூக்குகிறவர்களுக்கு ஓயாத வேலை. நான் மாடி கட்டினேன். மலையில் மிளகு போட்டவர்களோ விலை பறிகூலிக்குக்கூடக் கட்டாததால் காயைக் கொடியிலேயே விட்டார்கள். அவர்களில் ஒருவர் என் சம்பந்தி; மிளகோடு காபியும் போட்டிருந்தார். அவரிடம் மிளகு எடுப்பதை நிறுத்தினேன். வியாபாரம் வேறு, உறவு வேறு என்று விளக்கியும் சொன்னேன். அவர் என்னோடு பேச்சை நிறுத்தினார். அந்த வீட்டில் வாழ்க்கைப்பட்ட என் மகள் போனில் அழுதாள்.

பேரனுக்குக் காதுகுத்து வந்தது. என் மகன் செய்யும் தாய்மாமன் சீரில் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். எங்கள் பக்கம் சீர் கொட்டுமேளத்தோடு போகும்; கிடாக்கறிக்கு வேண்டிய சாமானும் அதில் உண்டு. மற்றவர்கள் மிளகைத் தட்டில் வைப்பார்கள். நான் கட்டுப் பிரிக்காத மூட்டையாகவே கொண்டுபோனேன். மூட்டை முழுக்க வெளிநாட்டு எழுத்து. ஊர் பார்க்கட்டும் என்று அதை எல்லோருக்கும் முன்னால் தூக்கிவரச் சொன்னேன்.

ஊர் பார்த்தது. சம்பந்தியும் பார்த்தார்.

"கிடா நம்ம ஊருதானா சம்பந்தி? இல்ல, அதுவும் கப்பல்ல வந்துச்சா?" என்றார்.

கொட்டு நின்றுவிட்டது.

"அம்புட்டுப் பேசாதீக. ஒங்க காபிக்கொட்டையும் ஒப்பந்தம் போட்ட நாட்டுக்குத்தான போகுது? அந்த வெல மட்டும் இனிக்குதோ?" என்றேன்.

"இனிக்குதுய்யா, யாரு இல்லைன்னா? அந்தக் காசுலதான் இந்தப் பந்தல். ஆனா மிளகுல போனது காபியில திரும்பி வரலையே. மிளகு வெளையிற வீட்டுக்கே மிளகு கொண்டாந்து எறக்குறீக. இது சீரா, கேலியா?"

என்னிடம் பதில் இருந்தது. அதற்குள் மகள் வந்துவிட்டாள்.

"அப்பா, மூட்டைய வண்டியில ஏத்துங்க. இல்லன்னா அதோட நீங்களும் ஏறிக்கங்க. நான் இங்ஙன பொழைக்கணும்."

மூட்டை வண்டிக்குப் போனது. பேரன் என் மகன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டான். கறியில் சம்பந்தி வீட்டு மிளகு. காரம் சரியாக இருந்தது. அவரே வாளியோடு என் இலைக்கு வந்தார்.

"ஒங்க மிளகை அனுப்பி விடுங்க சம்பந்தி, எடுத்துக்கிறேன்," என்றேன்.

"எம்புட்டுக்கு?"

"கப்பல் மிளகு வெலைக்கு."

"அப்ப ஒங்களுக்குக் கறி போதும்," என்று அடுத்த இலைக்கு நகர்ந்தார்.

எதிர்ப்பந்தியில் நின்று மகள் என்னையே பார்த்தாள். அவர் சொல்லும் விலைக்கே எடுப்பதாகச் சத்தமாகச் சொன்னேன். கறி வந்தது.

இப்போது கடையில் அவர் மிளகு தனிச் சாக்கில் இருக்கிறது. விலையைக் கேட்டுவிட்டுப் பெரும்பாலானவர்கள் கப்பல் மிளகையே வாங்கிப் போகிறார்கள். தல்லாகுளத்திலிருந்து காரில் வரும் சிலர் மட்டும் மலை மிளகுதான் வேண்டும் என்கிறார்கள். அதில் எனக்கு லாபம் இல்லை. மகள் போன் செய்தால் பேரனின் சேட்டையைப் பற்றித்தான் பேசுகிறாள்.