மலையேறிய மாவு

டிசம்பரில் புனேயில் இட்லி சாப்பிட வேண்டுமென்றால் மும்பையில் ஒரு அக்கா இருக்க வேண்டும். எங்கள் வீட்டு விதி அது. புனே கேம்ப் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுச் சமையலறையில் குளிர்காலத்தில் மாவு பொங்கவே பொங்காது. ஊரே மலைக்கு மேல் இருக்கிறது, அப்படி ஒரு குளிர். மலைக்குக் கீழே, கடலோரம், மாட்டுங்காவில் இருந்த பெரியம்மா வீட்டில் விடியற்காலை அரைத்தால் மத்தியானம் மாவு மூடியைத் தட்டும். அதனால் அம்மா காலித் தூக்குவாளியோடு ரயிலில் மலையிறங்கி, மறுநாள் மாவோடு மலையேறுவாள். அங்கே கிரைண்டர் ஓடுவது கொஞ்ச நேரம்தான். அம்மாவும் பெரியம்மாவும் உட்கார்ந்து பேசுவதுதான் முடியவே முடியாது. எனக்குச் செம போர். ஊரில் எல்லோரும் மும்பையிலிருந்து துணிமணி வாங்கி வந்தார்கள். நாங்கள் வெக்கையை வாங்கி வந்தோம்.

நான் இரண்டாம் வகுப்பு படித்த வருடம் சித்தப்பாவும் கூட வந்தார். காரணம் இருந்தது. கராடி ஆபீஸில் தன்னோடு வேலை பார்த்த ஒரு மராத்திப் பெண்ணைக் காதலித்து, அவள் அப்பாவிடம் தன் மைனி, அதாவது என் அம்மா, அவிக்கும் இட்லியைப் பற்றி ஏகத்துக்கு அளந்துவிட்டிருந்தார். சொல்லிக்கொள்ள அவரிடம் வேறு பெருமை இல்லை, பாவம். ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் குடும்பம் சிஞ்ச்வட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு முதல்முறையாக வருகிறது. இட்லி கல்லாக இருந்தால் சித்தப்பா கதி அதோகதி.

சனிக்கிழமை தாதரில் ரயிலேறியதும், மாவு குளிராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அம்மா கண்ணயர்ந்தாள். சித்தப்பா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். தூக்கை வெயில் விழும் ஜன்னலோரம் வைத்து, தன் மஃப்ளரையும் அதற்குச் சுற்றிவிட்டார்.

கர்ஜத்தில் வண்டி நின்றது. அதற்கு மேல் மலை. இழுக்கிற இன்ஜின் மட்டும் போதாது என்று பின்னாலிருந்து தள்ளவும் இன்ஜின் மாட்டுவார்கள். மாட்டி முடிக்கும்வரை ஜனங்கள் இறங்கி வடாபாவ் வாங்குவார்கள். மலை மட்டும் இல்லையென்றால் அந்த பிளாட்பாரத்தில் பாதி வியாபாரம் படுத்திருக்கும். சித்தப்பாவும் இறங்கினார்.

பின்னால் இன்ஜின் வந்து இடித்தது. பெட்டி குலுங்கியது. தூக்கின் மூடி மெல்ல எழுந்தது. மஃப்ளரில் மாவு வழிய ஆரம்பித்தது.

நான் போட்ட கூச்சலில் அம்மா விழித்துக்கொண்டாள். கையில் வடாபாவோடு வந்து நின்ற சித்தப்பாவைப் பார்த்தாள்.

"குளிராம பாத்துக்கிடச் சொன்னா, வெயில் காய வச்சிருக்கியளே தம்பி."

"பொண்ணு போச்சு மைனி," என்றார் சித்தப்பா. வடாபாவை மட்டும் விடவில்லை.

எதிர் சீட்டில் இருந்த மராத்தி மாமி தன் காலி டிபன் டப்பாவைத் திறந்து நீட்டினார். அதைப் பார்த்துப் பக்கத்து சீட்டிலிருந்தும் டப்பாக்கள் வந்தன. மலைச் சுரங்கப்பாதைகளின் இருட்டில் யாரும் அசையக் கூடாது என்று அம்மா இந்தியில் உத்தரவு போட்டாள். பெட்டியில் பாதிப் பேர் மடியில் எங்கள் மாவு மலையேறியது. லோனாவ்லா குளிர்காற்று உள்ளே வந்ததும் நல்ல பிள்ளையாக அடங்கியது.

புனே ஸ்டேஷனில் எல்லா டப்பாவிலிருந்தும் மாவைத் தூக்கில் திருப்பி ஊற்றினோம். மராத்தி மாமியின் டப்பாவை மட்டும் அம்மா வாங்கவில்லை. இட்லித் தட்டுக்குப் பதில், டோக்ளா பலகாரம் அவிக்கும் தட்டில் ஊற்றி அவிக்கச் சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் பெண்ணின் அப்பா இட்லியை விரலால் அமுக்கிப் பார்த்தார். அது எழும்பி வந்தது. மறுபடி அமுக்கினார். பிறகு சாம்பார் கேட்டார். கல்யாணத் தேதி குறித்துவிட்டுத்தான் கிளம்பினார்கள்.

பின்னாலிருந்து இன்ஜின் தள்ளியதால்தான் மாவு பொங்கியது என்று பள்ளியில் ரொம்ப நாள் சொல்லித் திரிந்தேன். அந்தத் தப்புக் கணக்குகூடப் பரவாயில்லை, இன்னொன்று அதைவிட மோசம்.

அந்தப் பெண் சித்தியாகி வந்த முதல் குளிர்காலத்தில், மாவைக் கேக் ஓவனுக்குள் வைத்து உள்விளக்கை மட்டும் போட்டுவிட்டாள். காலையில் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. அம்மா ஒரு இட்லியைப் பிட்டு வாயில் போட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா மாட்டுங்கா மாவு மாதிரி வராது."

அந்த வாரமே மாட்டுங்கா போகத் தூக்கைக் கழுவி வைத்தாள். சித்தி சிரித்துக்கொண்டாள். எனக்கு இரண்டு இட்லிக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

மலையிறங்கும் வண்டியில், பெரியம்மா காத்து நிற்கும் தாதர் வருவதற்கு வெகு முன்பே அம்மா காலித் தூக்கோடு வாசலில் போய் நின்றுகொள்வாள். எதற்கு இந்த அவசரம் என்று எனக்கு எரிச்சலாக வரும். மாவு எங்கே ஓடிவிடப் போகிறது?