சால்டர் பட்ட இடம்

பெண் பார்க்கப் போன காலத்தில் தணிகாசலம் இந்த வேலையில் இருந்திருந்தால், கோமதியம்மாளின் அப்பா அவரை வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பார். நல்லவேளை, அப்போது அவர் லாரி கிளீனர். பிறகு ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. எலி பிடிக்கிற உத்தியோகம் ஐம்பதைத் தாண்டித்தான் வந்தது. அதற்குள் இந்த மனுஷனை விட்டால் தனக்கு வேறு போக்கிடம் இல்லை என்றாகிவிட்டதாகக் கோமதியம்மாள் தெருவில் சொல்வாள். சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பாக இருக்கும்.

எலி பிடிப்பது என்றால் மருந்து வைத்துக் கொல்வது இல்லை. சென்னையிலிருந்து ஓர் ஆராய்ச்சிக் குழு வந்திருந்தது. மனிதனுக்கு வரும் காய்ச்சல் கிருமி மாட்டிடம் இருக்கிறதா, வயலில் இருக்கிறதா, ஏரித் தண்ணீரில், புதரில் இருக்கிறதா என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிற வேலை. மண்ணூரிலிருந்து வடக்குப்பட்டு வரை கம்பெனிச் சுவர்களுக்கு வெளியே புதர் மண்டிக் கிடக்கும் காலி மனைகளில் தணிகாசலம் சாயங்காலம் தகரப் பொறி வைப்பார். காலையில் எடுத்து வருவார். முதலில் மசால் வடை வைத்துப் பார்த்தார். எலிக்கு முன்னால் எறும்பு முடித்துவிட்டது. கருவாடுதான் சரிப்பட்டது. சிக்கியதைக் கூண்டோடு குழுவின் வேனில் ஏற்றிவிட்டால் அவர் பாடு தீர்ந்தது. தெரு அவருக்கு எலிக்காரர் என்று பெயர் வைத்துவிட்டது. அவரும் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துவிடுவார்.

வேனில் வருகிற பிரவீனா மேடத்துக்கு வயது முப்பதுகூட இருக்காது. கிருமிகளைப் பற்றிப் படித்துப் பெரிய பட்டம் வாங்கியவர். ஒருநாள் கையுறை போட்டுக்கொண்டு ஒரு எலியின் காதைப் பிரித்துக் காட்டினார். உள்ளே குங்குமம் சிந்தியது போலச் சிவப்பாகப் பொடி. பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தால் அந்தப் பொடிக்குக் கால் இருந்தது. பூச்சிக் குஞ்சு. இது செடியில் உட்கார்ந்திருக்கும், ஆளோ துணியோ உரசினால் ஒட்டிக்கொள்ளும், கடித்தால் சில நாளில் காய்ச்சல் வரும் என்றார் பிரவீனா. ஸ்க்ரப் டைபஸ் என்று பெயராம். கடித்த இடம் சிகரெட்டால் சுட்டது போலக் கறுத்துப் போகும்; வலிக்காது, அரிக்காது, அதனால் யாரும் பார்க்க மாட்டார்கள். சரியான மாத்திரையைச் சீக்கிரம் கொடுத்தால் எளிதில் போய்விடும். விட்டுவிட்டால் நெஞ்சைப் பிடிக்கும், ஆளையே கொண்டுபோகும். தணிகாசலம் நன்றாகத் தலையாட்டினார். கேட்டதில் பாதி கருவாட்டு நாற்றத்தோடு காற்றில் போய்விட்டது.

அவருடைய வீட்டு மாடியில் இரண்டு ரூம். வாடகைக்கு இருந்ததெல்லாம் கம்பெனிப் பெண்கள். அதில் மாரிசெல்வி கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் லைனில் வேலை. வந்த மாதமே கீழ் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து அத்தை, மாமா என்று ஆரம்பித்துவிட்டாள். கோமதியம்மாளுக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பெண் வந்த பிறகு வீட்டுக் குழம்பின் காரம் ஒரு படி ஏறியது. தணிகாசலத்துக்கு வயிறு எரிந்தது, ஆனால் வாய் திறக்கவில்லை. அவள் ஷிப்ட் முடிந்து வந்து கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் அவருக்குத் தூக்கம் பிடிக்கும். அவ்வளவு ஆசை அவள் மேல்.

ஆசை இருந்தால் கட்டுப்பாடும் வந்துவிடும் அல்லவா? எதிரே பையன்கள் தங்கும் ஹாஸ்டல். அவர்கள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு இந்த மாடியையே பார்ப்பதை ஒருநாள் கண்டார். செக்யூரிட்டி ரத்தம் கொதித்துவிட்டது. மாடிக் கொடியை அறுத்து எறிந்துவிட்டு, இனிமேல் பொம்பளப் பிள்ளைகள் துணி மொட்டை மாடியில் காயக் கூடாது என்று சட்டம் போட்டார். பெண்கள் சுடிதாரை ரூமில் ஃபேனுக்குக் கீழே காயப்போட்டார்கள். உள்ளாடை அப்படிக் காயாது, நாறிப் போகும். அதனால் வீட்டுக்குப் பின்னால் காலி மனையில், யார் கண்ணிலும் படாத புதர்மேல் விரித்தார்கள். கோமதியம்மாளுக்கு இது தெரியும். இதையெல்லாம் ஆம்பளையிடம் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டாள்.

கார்த்திகை மழை ஓய்ந்த சமயம் மாரிசெல்விக்குக் காய்ச்சல் வந்தது. லீவு கேட்டால் சூப்பர்வைசர் முகத்தைத் தூக்குவார் என்று முதலில் காய்ச்சலோடு ஷிப்டுக்குப் போனாள். கிளினிக்கில் ஊசி போட்டார்கள், டிரிப்ஸ் ஏற்றினார்கள். டெங்கு இல்லை என்று டெஸ்ட்டில் வந்தது. காய்ச்சல் மட்டும் இறங்கவே இல்லை. ஊரிலிருந்து அம்மா போன் செய்தால் சளி என்று சொல்லிச் சமாளித்தாள். ஒரு வாரம் போன பிறகு கோமதியம்மாள் அவளைக் கீழே கொண்டுவந்து தன் கட்டிலில் படுக்கவைத்தாள். ஈரத்துணியால் உடம்பைத் துடைக்கும்போது, இடுப்பில் நாடா கட்டும் இடத்தில் கறுப்பாக ஒரு பொருக்கு தெரிந்தது. என்ன என்று கேட்டாள்.

"சால்டர் பட்டிருக்கும் அத்த. வலிக்கல" என்றாள் மாரிசெல்வி, கண்ணைத் திறக்காமலே.

கோமதியம்மாள் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? அந்தப் பெண்ணின் இரண்டு கையிலும் புள்ளி புள்ளியாகச் சூடு இருந்தது. சால்டரிங் லைனில் அது ஒரு பெருமைகூட. புதுப் பெண்ணுக்கு முதல் சூடு பட்டதும் அவள் லைன் முழுக்கச் சாக்லேட் கொடுக்க வேண்டும் என்று அவர்களுக்குள் ஒரு வழக்கம். மாரிசெல்வியும் கொடுத்திருக்கிறாள். அதற்குப் பிறகு உடம்பில் கறுப்பாக எது தெரிந்தாலும் அங்கே யாரும் ஏன் என்று கேட்பதில்லை. கோமதியம்மாள் அதில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள்.

மறுநாள் காலை மாரிசெல்விக்கு மூச்சு வாங்கியது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியதுதான், கூண்டுகளைக் கொடுத்துவிட்டு ஓடி வருகிறேன் என்று தணிகாசலம் வேனுக்குப் போனார். முகம் செத்துக் கிடந்தது. பிரவீனா என்ன என்று கேட்க, எல்லாவற்றையும் கொட்டினார். உடம்பில் எங்காவது கறுப்பாகத் தழும்பு இருக்கிறதா என்று பிரவீனா கேட்டார். வயசுப் பெண்ணிடம் அதை எப்படிக் கேட்பது என்று தணிகாசலம் நெளிந்தார். உடனே பிரவீனா அவர் போனிலேயே கோமதியம்மாளைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டார். ஒன்றும் இல்லை, இடுப்பில் சால்டர் பட்டது மட்டும்தான் என்றாள் கோமதியம்மாள்.

பிரவீனா போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அப்புறம், "அம்மா, அவங்க கம்பெனி கோட்டு அங்க இருக்கா? அதுல ஓட்டை இருக்கா பாருங்க" என்றார்.

ஆணியில் நீலக் கோட்டு தொங்கியது. கோமதியம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே போடும் டாப்ஸைப் பார்த்தாள். பேன்ட்டின் நாடாப் பக்கத்தைப் பார்த்தாள்.

"ஒரு ஓட்டையும் இல்லம்மா. நல்லாத்தான் கீது."

"அப்போ சால்டர் எப்படிம்மா உள்ள போச்சு?"

அந்தக் கேள்வியில் தணிகாசலத்துக்குக் காற்றில் போன பாதியும் திரும்பி வந்தது. அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். பிரவீனா எலி ஏற்றுகிற வண்டியில் நோயாளியை ஏற்ற முடியாது என்று வேறு கார் வரவழைத்து, கோமதியம்மாளையும் மாரிசெல்வியையும் கூட்டிக்கொண்டு தானே போனார். ஆனால் ஒருவர் கூண்டுகளுக்குக் காவல் இருக்க வேண்டுமே. வேன் டிரைவரைத் துணைக்கு அனுப்பிவிட்டு, உயிரே போகிறது போலத் துடித்த மனுஷன் வேப்பமர நிழலில் எலிகளோடு தனியாக மாட்டிக்கொண்டார். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக் கொஞ்சம் அழுதார். பிறகு எலிகளைத் திட்டினார். பெற்ற பிள்ளைக்கு வந்தால்கூட இவ்வளவுதான் வலிக்கும் என்று அவருக்குப் பட்டது.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்து, அந்த மாத்திரையையும் ஆரம்பித்தார்கள். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. மூன்றாம் நாள் மாரிசெல்வி கஞ்சியை ஒதுக்கிவிட்டு, காரமாக ஏதாவது வேண்டும் என்றாள். கோமதியம்மாள் அதைக் கேட்டு வராந்தாவில் போய் முகத்தை மூடிக்கொண்டாள்.

தணிகாசலத்துக்கு ஒரு பயம் அரித்துக்கொண்டே இருந்தது. தன் துணியில் ஒட்டிக்கொண்டு வந்துதான் அவளைக் கடித்ததோ? பிரவீனாவிடம் நேராகவே கேட்டுவிட்டார். பார்க்காமல் சொல்ல முடியாது என்று பிரவீனா உண்மையைச் சொன்னார். அவர் வீட்டுப் பின்பக்கத்திலேயே பொறி வைத்தார்கள். சிக்கிய எலியின் காதில் அதே சிவப்புப் பொடி. புதருக்கு அடியில் பூச்சி ஏறுகிறதா என்று பார்க்க வைத்த கறுப்புத் தட்டிலும் அது ஏறியிருந்தது. உங்கள் துணிமேல் சந்தேகப்பட வேண்டாம், அது இங்கேயே இருக்கிறது, அந்தப் பெண் இந்தப் பக்கம் எதற்கு வந்தாள் என்று பிரவீனா கேட்டார். கோமதியம்மாள் வேறு வழியில்லாமல் உள்ளாடைக் கதையைச் சொன்னாள்.

தணிகாசலம் அன்று சாயங்காலமே மாடியில் நான்கு கொடி கட்டி, சுற்றிலும் பச்சை வலை அடித்தார். சுத்தியல் கையில் பட்டு நகம் கறுத்துப் போனது. படட்டும் என்று விட்டுவிட்டார்.

மாரிசெல்வி வேலைக்குத் திரும்பிய வாரம், டீ பிரேக்கில் லைன் பெண்களிடம் ஒன்று கேட்டாள்: சட்டைக்கு உள்ளே சூடு பட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? முதலில் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகத் தனியாக வந்து பேசினார்கள். ஆஸ்பத்திரிக்கு வர வெட்கம். அத்தையே பார்க்கட்டும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ ஆட்டோவாக வந்து இறங்கினார்கள். கோமதியம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டார்ச்சை எடுத்தாள். தணிகாசலத்தை வீட்டைவிட்டு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

அவர் கேட்டுக்கு வெளியே நின்றார். உள்ளே ஒரே சிரிப்பும் கூச்சலுமாக இருந்தது. யாரோ கிச்சுக்கிச்சு தாங்காமல் கத்தினாள். சொந்த வீட்டிலிருந்து துரத்தப்பட்டதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

திடீரென்று சிரிப்பு நின்றது.

கதவு திறந்தது. கோமதியம்மாள் கையில் டார்ச் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால், அவர் இதுவரை பார்த்திராத சின்னப் பெண் ஒருத்தி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மாரிசெல்வி அவள் தோளை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"பயப்படாதட்டி. எனக்குப் போயிருச்சுல்லா" என்றாள் மாரிசெல்வி.

"நேத்துதான் காய்ச்சல் ஆரம்பிச்சிதாம்" என்றாள் கோமதியம்மாள். "ஆட்டோ கூப்டு."

தணிகாசலம் செருப்பைக்கூடத் தேடாமல் தெருமுனைக்கு ஓடினார்.