மருந்து டாங்கியும் எங்கள் போவிட்டியாச் செடிகளும்

இன்று காலை என் வீட்டுக்காரர் களை மருந்து டாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு, நாங்கள் நட்ட செடிகளை அழிக்க வந்தார்.

(கோபப்படாதீர்கள், முழுசாகப் படியுங்கள். நல்ல மனுஷன்தான்.)

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இலங்கையில், கொடகவெல பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். அவர் பெயர் யோகராஜ். மலையில் மருந்து அடிப்பதுதான் அவருக்கு வேலை. நான் வீட்டில் மெஷின் போட்டுத் தைக்கிறேன்.

எங்கள் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் லயத்துக்குப் பின்னால் ஒரு மண்மேடு இருக்கிறது. போன வருட மழையில் அதிலிருந்து சேறு இறங்கி நேராக என் குசினிக்குள் வந்துவிட்டது. சட்டி பானையெல்லாம் சேற்றில் மிதந்தது.

அப்போதுதான் சோமலதா அக்கே ஒரு யோசனை சொன்னார். பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்காரர், என்னிடம் சட்டை தைக்க வருகிறவர்.

"டவுன்ல விக்கிற பூச்செடி இதுல நிக்காது நங்கி. இந்தப் பக்கத்து மண்ணுல தானா வளர்ற செடிய நடுங்க. அது வேர் போட்டு மண்ணப் புடிச்சுக்கும்."

சொன்னதோடு விடவில்லை. அடுத்த முறை வரும்போது ஒரு உரப்பை நிறைய நாற்று கொண்டுவந்தார். போவிட்டியா, தெபு, வெட்சி, கூடவே ஒரு நாக மரக் கன்று. (தைக்க வேண்டிய துணியை மறந்துவிட்டார்.)

லயத்துப் பெண்கள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றுசேர்ந்தோம். மேட்டில் கிடந்த பிளாஸ்டிக்கைப் பொறுக்கினோம். குழி வெட்டி நட்டோம். சிரித்தவர்கள் நிறைய. "மலையில கெடக்கிற செடிக்கு யாராவது தண்ணி ஊத்துவாங்களா?" என்று கேட்டார்கள்.

இப்போது போவிட்டியா ஊதா ஊதாவாகப் பூத்து நிற்கிறது. பட்டாம்பூச்சி வருகிறது. இந்த மழைக்குச் சேறு வரவே இல்லை!

இந்த நிலைமையில்தான் இன்று டாங்கி வந்து நின்றது.

அடுத்த வாரம் வெளியிலிருந்து ஆட்கள் தோட்டத்தைப் பார்வையிட வருகிறார்களாம். லயங்களுக்குப் பின்னால் இருக்கிற புல், பூண்டு எல்லாவற்றுக்கும் மருந்து அடிக்கச் சொல்லி, எங்கள் டிவிஷன் வேலைகளைப் பார்க்கும் கண்டக்டர் ஐயா காலையில் உத்தரவு போட்டுவிட்டார்.

"இது புல்லாங்க?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியுது புள்ள. அவருக்கு எல்லாம் ஒண்ணுதான். போவிட்டியா தேயிலைக்குள்ள மொளைச்சா களைன்னுதானே அடிக்கிறோம்?"

"அடிச்சா மேடு மொட்டையாயிரும். மறுபடி மழை பேஞ்சா சேறு யாரு வீட்டுக்கு வரும்?"

"அடிக்கலன்னா இன்னைக்கு எனக்குப் பேர் விழாது, சம்பளமும் கெடைக்காது. நீ பேசுவியா அவருகிட்ட?"

"பேசுறேன். வரட்டும்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

அவர் மேட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு டாங்கியை இறக்கி வைத்து, நாஸிலைக் கழற்ற ஆரம்பித்தார்.

"அடைச்சிருக்கு. சுத்தம் பண்ணணும். கொஞ்ச நேரம் ஆகும்" என்றார், தரையைப் பார்த்தபடி.

அது அடைக்கவே இல்லை. நேற்று என் கண்முன்னால்தான் கழுவி வைத்தார்.

பக்கத்துக் காம்பரா வீட்டுச் செல்வி அக்காவிடம் ஓடினேன். அவர் வேலையை விட்டு நின்று வீட்டில் இருப்பவர். விஷயத்தைக் கேட்டதும், "பேர் எழுதி வைப்போம். பேரில்லாத செடியத்தான் களைன்னு நெனைக்கிறாங்க" என்றார்.

ஐஸ்கிரீம் டப்பா மூடிகளைத் தேடி எடுத்தோம். தமிழில் நான் எழுதினேன். சிங்களம் எனக்குப் பேச வரும், எழுத வராது. சோமலதா அக்கேவுக்குப் போன் போட்டேன். அவர் பெயர்களைத் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்ப, அதைப் பார்த்து அப்படியே வரைந்தோம். தைத்து மிஞ்சிய சிவப்புத் துணியைக் கிழித்து, குச்சி நட்டு, மேட்டைச் சுற்றிக் கட்டினோம்.

கடைசி முடிச்சுப் போடும்போது கண்டக்டர் ஐயாவின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

இறங்கினார். பார்த்தார். "மே மொகத?" (இது என்ன?) என்றார்.

என்னவென்று சிங்களத்திலேயே விளக்கினேன். அவர் மேட்டில் ஏறி, ஒவ்வொரு மூடியாகப் படித்தார். ஒரு போவிட்டியாவைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். அப்போதும் வரவில்லை.

"சேறு எதுவரைக்கும் வந்தது?"

குசினிக்குக் கூட்டிப்போனேன். சுவரில் முழங்கால் உயரத்துக்குப் படிந்திருந்த கறையைக் காட்டினேன். குனிந்து அதை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

வெளியே வந்து தமிழில் சொன்னார். "யோகராஜ், இங்க மருந்து வேணாம். தண்ணி போற கான் ஓரத்துப் புல்ல மட்டும் கத்தியால வெட்டு. பேர் போடுறேன்."

என் பக்கம் திரும்பி, "வாறவங்கள இங்கயும் கூட்டிட்டு வருவேன். தெபு போர்டு தலைகீழா இருக்கு, நேராக்குங்க" என்றார்.

அவர் போன பிறகு செல்வி அக்கா என்னைக் கட்டிப்பிடித்த வேகத்தில் இரண்டு பேரும் கானுக்குள் விழப் பார்த்தோம்!

பகலுக்குள் செய்தி பரவிவிட்டது. மேல் லயத்துப் பெண்கள் வந்து நாற்று கேட்டார்கள். அவர்கள் பக்கத்து மேடு எங்களுடையதைவிடச் செங்குத்து. சோமலதா அக்கே ஞாயிற்றுக்கிழமை வந்து தண்டு வெட்டி நட எல்லோருக்கும் காட்டித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். மேல் லயத்து ஆண்களும் மண்வெட்டியோடு வருகிறார்களாம்!

சாயந்தரம் தேத்தண்ணி குடிக்கும்போது என் வீட்டுக்காரர் மேட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அந்த நாக மரம் பூக்க எத்தன வருஷமாகும்?"

இத்தனை மாதத்தில் அந்தச் செடிகளைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி.

நாக மரம் வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்களேன், மனுஷன் காத்துக்கொண்டிருக்கிறார்.