மேனேஜரின் பாஸ்வேர்டு

இந்நேரத்தில் இந்தக் குழுவில் எழுதுவதற்கு மன்னிக்கவும். பாப்பா இப்போதுதான் தூங்கினாள்.

சித்தூரில் எங்கள் மாங்கூழ் கம்பெனிக்குப் புதிதாக ஈமெயில் வசதி வந்திருக்கிறது. எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கும் வேலை என் தலையில். இனி லீவுகூட மெயிலில்தான் கேட்க வேண்டும், காகிதம் செல்லாது என்பது மேனேஜர் உத்தரவு.

நாளை பாப்பாவுக்கு வேலூரில் காது டாக்டர். இரண்டு மாதம் காத்திருந்து கிடைத்த நாள். திங்கட்கிழமையே மெயிலில் லீவு கேட்டேன். பதில் இல்லை.

இன்று சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டார். "ஏம்மா, இந்த மெயிலை எப்பிடித் தெறக்கறது? நீ சொல்லிக்குடுத்தது மறந்து பூட்ச்சி."

திறந்தேன். படிக்காத மெயில்களுக்கு நடுவே என்னுடையதும் கிடந்தது. காட்டினேன்.

"நாளைக்கா? குடோன் ஆளுங்களுக்கு நாளைக்குத்தானே கிளாஸு? யோசிச்சி மெயில்லயே பதில் போடறேன், போ."

பக்கத்து சீட் லட்சுமி அக்கா சிரித்தார். "அவரா? பதில் போடறதுக்கும் உன்னத்தான் கூப்புடுவாரு, பாத்துக்கினே இரு."

ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் செய்தேன். "மெயில்ல வரும்மா" என்று வைத்துவிட்டார். இதுவரை வரவில்லை. லீவு கிடைக்காமல் நின்றுவிட்டால் வேலை போய்விடும். நான் இன்னும் நிரந்தரம் ஆகவில்லை.

அவருடைய பாஸ்வேர்டு என் நோட்டில் இருக்கிறது. மறந்துவிடும், நீயே எழுதி வை என்று எல்லோரும் கொடுத்ததுதான்.

அவர் பெயரில் நுழைந்து எனக்கு நானே லீவு கொடுத்துக்கொள்ளட்டுமா?

காலை ஆறு மணிக்கு பஸ். சீக்கிரம் பதில் சொல்லுங்கள். மெயிலில் வேண்டாம், இங்கேயே.