கோடி போட முறை இல்லாதவர்கள்

சகுந்தலா அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் ஒரு கல்யாண ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். சின்ன காஞ்சிபுரத்திலிருந்து கோதை மாமி போன் செய்தார். "அலமேலு, நம்ம கருநொச்சி போயிட்டாளாம்டி. விடியக்காலம் நெஞ்சு வலியாம்" என்றார். என் தையல் கடையில் அந்நேரம் மகன் உட்கார்ந்திருந்தான். நான் உடனே, "சரிங்க மாமி, அளவு ஜாக்கெட்டை எடுத்துக்கினு வாங்க, பார்க்கலாம்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். சாவுச் செய்தியைக்கூட வாடிக்கையாளரிடம் பேசுகிற பேச்சாக மாற்றிவிடும் அளவுக்கு எனக்குப் பழகிப்போயிருந்தது. அன்றைய வெட்கம் அங்கேயே தொடங்கிவிட்டது.

நம் வாசகியர் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். கருநொச்சி என்பது அக்காவின் புனைபெயர். முசரவாக்கத்தில் வீடு. காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் வாடிக்கையாளர்களுக்குச் சேலை பிரித்துக் காட்டும் வேலை. போனில் கதை படிக்கும் செயலியில் வாரம் இரண்டு அத்தியாயமாக அவர் எழுதியதுதான் 'பூட்டிய வீட்டு மாப்பிள்ளை'. நிச்சயம் செய்த இரண்டு பெண்களும் காணாமல் போன ஒரு பட்டு வியாபாரி. அவன்தான் கொன்றிருப்பான் என்று ஊரே பேசுகிறது. அவன் வீட்டுக்கே வேலைக்குப் போகிறாள் நாயகி, போனவள் அவன் மேல் ஆசையும் வைக்கிறாள். தோட்டத்தில் எலும்பு கிடைத்தாலும் சரி, போலீஸ் வந்தாலும் சரி, "காபி போடட்டுமா?" என்று மட்டும் கேட்கும் அவன் அம்மா. கதவு சாத்திய அறைகளில் நடப்பதையும் அக்கா கொஞ்சம் தாராளமாகவே எழுதுவார். அதனால்தான் நாம் எல்லோரும் அதை ஒளித்து ஒளித்துப் படித்தோம்.

நான் அவரைச் சந்தித்ததே ஒளித்ததால்தான். ஒரு நாள் மத்தியானம் கடையில் ஆள் இல்லை. பதினேழாம் அத்தியாயத்தைப் படித்துவிட்டு, 'அடி கூறு கெட்டவளே, அவனை விட்டு ஓடுடி' என்று நாயகிக்குக் கருத்து எழுதிக்கொண்டிருந்தேன். சொந்தப் பெயரில் இல்லை, வேறொரு பெயரில்தான். அப்போது ஒரு அம்மா ஜாக்கெட் வாங்க வந்தார். நான் போனைத் துணிக்கு அடியில் தள்ளினேன்.

"என்னாமா படிக்கிற?" என்றார்.

"சமையல் குறிப்புக்கா."

"சமையல் குறிப்புல போய் யாரை ஓடச் சொல்ற?" என்று கேட்டுவிட்டு நிதானமாக உட்கார்ந்தார். "அவ ஓட மாட்டா. பதினெட்டை நாளைக்குப் போடறேன். நீ ஜாக்கெட்டை இன்னைக்குக் குடு."

எனக்கு முகம் தீய்ந்துபோயிற்று. அவரோ அடுத்த தெருவில் தக்காளி மலிவு என்று சொல்வதுபோல சாதாரணமாக இருந்தார். அன்றிலிருந்து வாரம் ஒரு முறையாவது வந்து உட்காருவார்.

ஏன் இப்படிப்பட்ட ஒருவனை எழுதுகிறீர்கள் என்று ஒருமுறை சண்டையே பிடித்தேன். என் மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. நல்லவன் ஒருவனை எழுதினால் குறைந்தா போய்விடுவீர்கள் என்றேன். அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "கடையில பாரு அலமேலு. மலை மாதிரி சேலை பிரிச்சுப் போடுவேன். சம்பந்தி வீட்டுக்குப் பிடிச்சதை எடுத்து மடியில வெச்சுக்குவாங்க. வேணாம்னு தள்ளின ஒண்ணு இருக்கும் பாரு, கண்ணு அது மேலேயே போய்க்கினு இருக்கும். வாய் விட்டுக் கேக்க மாட்டாங்க. நான் அதைத்தான் எழுதறேன்."  அவர் சொன்னது என்னைப் பற்றி என்று தெரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை.

நம்முடைய கூத்துகளை அவர் எவ்வளவு ரசித்தார் என்பது உங்களுக்குத் தெரியும். அவனைக் கொலைகாரன் ஆக்கினால் இனி படிக்கவே மாட்டோம் என்று பாதிப் பேர் மிரட்டினோம். கொலைகாரனாகவே இருக்கட்டும், ஆனால் கல்யாணம் நடக்க வேண்டும் என்று மீதிப் பேர் பிடிவாதம் பிடித்தோம். அரக்கோணத்துத் தோழி ஒருத்தி அவனுக்காக ஒரு வாரம் விரதம் இருந்தாள். கோதை மாமி எல்லோரையும் தாண்டிவிட்டார். வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போய், அவன் பாவம் தொலையட்டும் என்று தங்கப் பல்லியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தார். கதையில் வரும் ஆளுக்குப் பல்லி தொட்ட முதல் ஆள் மாமியாகத்தான் இருக்கும். அக்காவிடம் சொன்னபோது கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "பெருமாளுக்கு இருக்கிற வேலை போதாதா மாமி? அவன் செஞ்சானா இல்லையான்னு எனக்கே இன்னும் தெரியல, அதுக்குள்ள மன்னிப்பு வாங்கிட்டீங்களே" என்றார். ஓர் ஆண், 'குடும்பப் பெண் எழுதுகிற எழுத்தா இது?' என்று கேட்டு எழுதியிருந்தார். அக்கா அதற்குப் போட்ட பதில், 'குடும்பத்தில் இருப்பதால்தான் தெரிகிறது ஐயா.'

இவ்வளவையும் எழுதிவிட்டு, அவர் இறந்த அன்று நாம் செய்ததையும் எழுதத்தான் வேண்டும். உங்களில் சிலர் அரக்கோணத்திலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் வந்தீர்கள். எல்லோரும் சேர்ந்து, அக்காவின் உடல் மேல் கோடியாகப் போர்த்த அரக்கு நிறத்தில் ஒரு பட்டுச் சேலை எடுத்துக்கொண்டு முசரவாக்கம் போனோம். தெருவில் மோளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். பிறந்த வீட்டுக் கோடி விழுந்து முடிந்ததும் நான் சேலையோடு முன்னால் போனேன். அக்காவின் நாத்தனார் கையை நீட்டித் தடுத்தார்.

"நீங்கள்லாம் யாரும்மா? எந்த ஊரு? கோடின்னா என்ன முறைன்னு சொல்லிட்டுப் போடணும்."

கேட்டதில் தவறே இல்லை. முறை இல்லாமல் யாரும் கோடி போடுவதில்லை. நான் திரும்பி உங்களைப் பார்த்தேன். நீங்கள் தரையைப் பார்த்தீர்கள். கோதை மாமி தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். அவருக்கு வீட்டில் தினம் பாராயணம் பண்ணுகிற மாமனார். எனக்குக் கல்யாணத்துக்கு நிற்கிற மகன். "கடைக்கு வர கஸ்டமருங்க" என்று சொன்னேன்.

"கஸ்டமருங்க கோடி போடற வழக்கம் எங்கள்ல இல்லம்மா. தப்பா நினைக்காதீங்க, மாலை போட்டுட்டுப் போங்க" என்றார் நாத்தனார்.

மாலை போட்டோம். சேலை மஞ்சள் பையில் எங்களோடு திரும்பி வந்தது.  ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது கோதை மாமி, "இந்தப் பாவம் பல்லியைத் தொட்டாலும் போகாதுடி" என்றார். அந்தச் சேலையை அப்புறம் யாரும் கேட்கவும் இல்லை.

பதினாறாம் நாள் காரியத்தன்று படத்திறப்பு வைத்திருந்தார்கள். அக்காவின் கொழுந்தனார் அரசியலில் இருப்பவர், மைக் இல்லாமல் அவர்கள் வீட்டில் எதுவும் நடக்காது. "எங்கள் அண்ணியார் அடக்கமே உருவானவர், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர்" என்று பேசினார். அக்கா அதைக் கேட்டிருந்தால் ஒரு அத்தியாயமே எழுதியிருப்பார். பிறகு, "வேறு யாராவது இரண்டு வார்த்தை பேசுவதானால் வரலாம்" என்றார். மைக் சும்மா நின்றது. நாங்கள் நான்கைந்து பேர் பந்தலில் இருந்தோம். நான் எழுந்திருக்க நினைத்தேன், எழுந்திருக்கவில்லை. ஊர்ப் பெரியவர் ஒருவர் போய் நன்றி சொல்லி முடித்துவிட்டார்.

அதைவிடக் கேவலமான ஒன்று சாப்பாட்டுப் பந்தியில் நடந்தது. அக்காவின் வீட்டுக்காரர் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தவர் என் இலை முன்னால் நின்றார். "ஏம்மா, நீங்க டவுன்ல அவளுக்குப் பழக்கம்தானே? போன்ல ஏதோ எழுதிக்கினே இருப்பா. என்னாடி எழுதறன்னு கேட்டா, நானே என் எழுத்தைச் சொல்லிக்கக் கூடாது, படிச்சவங்களைக் கேளுங்கன்னுவா. படிச்சவங்க யாருன்னு எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

பக்கத்து இலையில், அந்த வீட்டுக்கு உறவான என் தெருக்காரி உட்கார்ந்திருந்தாள். "தெரியாதுங்க" என்றேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன், வாயில் வைக்க முடியவில்லை.

நேற்று காலை கடையைப் பூட்டிவிட்டு முசரவாக்கம் போனேன். தைரியம் வந்து போகவில்லை. தூக்கம் வராமல்தான் போனேன். அக்காவின் வீட்டுக்காரர் களத்திலிருந்து அப்போதுதான் வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொல்லிவிட்டேன்: "அண்ணே, அன்னைக்குப் பந்தியில பொய் சொல்லிட்டேன். அக்கா எழுதினதைப் படிச்சவங்கள்ல நானும் ஒருத்தி."

அவர் துண்டால் கையைத் துடைத்தார். "எதைப் பத்திம்மா எழுதினா?"

"கொலை பண்ணியிருப்பானோன்னு ஊரே சந்தேகப்படற ஒருத்தனை ஒரு பொண்ணு காதலிக்கிறதைப் பத்தி."

முகம் சுளிப்பார் என்று காத்திருந்தேன். அவர் யோசித்தார். "சிரிக்க வெப்பாளா?" என்றார்.

"பயப்படவும் வெப்பாங்க, சிரிக்கவும் வெப்பாங்க. அடுத்தது எப்ப வரும்னு நாங்க அத்தனை பேரும் காத்துக்கினே இருப்போம்."

"நல்லா எழுதுவாளா, அப்ப?"

"நல்லா எழுதுவாங்க அண்ணே."

மாலை போட்டிருந்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "இதை அன்னைக்கே மைக்குல சொல்லியிருக்கலாமேம்மா. ஊர் கேட்டிருக்கும்" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதனால்தான் இதை என் சொந்தப் பெயரில் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் முதலில் என் மகனிடம்தான் படிக்கக் கொடுத்தேன். அக்காவின் துணிச்சல் எனக்கு வரவில்லை, வராது. அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது ஒன்றுதான். கட்டிய கணவர் கேட்டபோதுகூட அவர் தன் கதையைத் தானே சொல்லிக்கொள்ளாமல், படித்தவர்கள் சொல்வார்கள் என்று விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அந்தப் படித்தவர்கள் நாம்தான். அவர் நம் மேல் வைத்திருந்த அந்த நம்பிக்கையை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன், தலை குனிந்தபடி.

அலமேலு
பிள்ளையார்பாளையம்